வாசலில் நிற்கும் நான்கு பேர்

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு நான்கு பேரை ஒரு குகை வாசலில் நிறுத்திவிட்டு எழுந்து போனேன். எதிரே பூனை முகமும் மனித உடம்புமாக ஏழு பேர். அதில் மூன்று பேர் கையில் வில். என் ஆட்களில் முன்னால் நிற்பவளுக்கு உயிர் கால்வாசிதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது என்று மனைவி கூப்பிட்டாள். போனேன். புதனும் வியாழனும் காய்ச்சலோடு ஜிஎஸ்டியும் சேர்ந்துகொண்டது. மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் வரிக் கணக்கு பார்க்கிற எங்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. வெள்ளிக்கிழமை இரவு லேப்டாப்பைத் திறந்தால், நால்வரும் அதே வாசலில், அதே கால்வாசி உயிரோடு நின்றுகொண்டிருந்தார்கள். எதிரில் வில் வைத்திருந்தவர்களும் அசையவில்லை. அடுத்த நகர்வு என்னுடையது. நான் வரவில்லை, அதனால் அந்த உலகத்தில் மூன்று நாளாக எதுவும் நடக்கவில்லை.

நாற்பதைத் தாண்டிய ஆள் இன்னும் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறானா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற முதல் காரணம் இதுதான். நான் ஆடுகிற விளையாட்டு எனக்காக நிற்கும். என்னிடம் இப்போதைக்கு அப்படி நிற்கிற வேறு எதுவும் இல்லை. வரித்துறை போர்ட்டலே கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிடுகிறது.

விளையாட்டின் பெயர் அவெர்னம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர் என்ற மிகச் சிறிய கடை வெளியிடுவது. 'கடை' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஜெஃப் வோகல் என்ற ஒருவர், கணக்கு வழக்கைப் பார்க்கிற அவர் மனைவி, தேவைப்படும்போது படம் வரைந்து தருகிற கூலி ஓவியர்கள், அவ்வளவுதான். நம்மூரில் கணவன் நோட்டு பைண்டிங் போட மனைவி பில் போடுவாரே, அந்த மாதிரி. கணிதத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர் 1994-இல் இந்தக் கடையைத் திறந்தார். 1995-இல் 'எக்ஸைல்' என்ற முதல் விளையாட்டு வந்தது. இந்தக் கட்டுரையை எழுதும்வரை கடை மூடவில்லை. இந்த முப்பது வருடத்தில் எத்தனை பெரிய பெரிய கம்பெனிகள் வந்து, விற்கப்பட்டு, ஷட்டர் இறக்கப்பட்டன என்று இந்த உலகத்தைக் கவனிக்கிறவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இது வந்து சேர்ந்தது 2003-இல், திருச்சியில் கல்லூரிக் கடைசி வருடத்தில். கணினிப் பத்திரிகைகளோடு சிடி இலவசமாக வந்த காலம். நண்பன் வாங்கிய பத்திரிகையின் சிடியில் நாற்பது ஐம்பது டெமோக்களுக்கு நடுவே சில எம்பி அளவில் ஒன்று கிடந்தது. மற்றதெல்லாம் என் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு கேட்டன, ராம் கேட்டன. இது ஒன்றும் கேட்கவில்லை. ஓடியது.

ஓடியதைப் பார்த்துவிட்டு நண்பன் சொன்னது: "என்ன மாப்ள இது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

உண்மைதான். சாய்வான கோணத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆட்கள். நடந்தால் கால் சரியாக நகராது. திரையின் பெரும்பகுதி பழுப்பு, மிச்சம் கறுப்பு. ஆனால் எழுத்து இருந்தது. அறைக்குள் நுழைந்தால் ஒரு சின்னப் பெட்டி திறந்து அங்கே என்ன வாடை அடிக்கிறது, மேசையில் யார் எதைப் பாதி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று சொல்லும். படத்தில் அந்த மேசை நாலு பிக்ஸல்தான். அந்தப் பெட்டியில் இருந்த ஆங்கிலத்தைப் படிக்கப் பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டேன். கணக்கியல் பாடத்துக்கு அப்படி வைத்துக்கொண்டதில்லை.

கதை இது. பூமியின் மேலே ஒரு பேரரசு. அதற்குப் பிடிக்காதவர்களை, அதாவது திருடன், கலகக்காரன், வாய் நீளமானவன், சும்மாவே கண்ணை உறுத்துகிறவன் என்று எல்லோரையும், பாதாளக் குகைகளுக்குள் ஒரு மந்திர வாசல் வழியாகத் தள்ளிவிடுவார்கள். உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி கிடையாது. தள்ளப்பட்டவர்கள் அங்கே சாகவில்லை. ஊர் கட்டினார்கள். வெயில் இல்லாததால் காளான் பயிரிட்டார்கள், மாட்டுக்குப் பதிலாகப் பெரிய பல்லிகளை மேய்த்தார்கள், ராஜாவையும் வைத்துக்கொண்டார்கள். ரோமர்கள் பாதாளத்தின் வாசல் என்று நம்பிய ஓர் எரிமலைவாய் ஏரி இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அதன் பெயர்தான் இந்த உலகத்துக்கும். நீங்கள் அங்கே புதிதாகத் தள்ளப்பட்ட நான்கு பேர். கையில் கத்தி இருந்தால் அதிர்ஷ்டம்.

விளையாட்டு உங்களை எதற்கும் விரட்டாது. பெரிய காரியங்கள் மூன்று உண்டு. மேலே உள்ள பேரரசன் ஹாத்தார்னைக் கொல்வது, க்ரா-ஹோத் என்ற பேயை ஒழிப்பது, வெளியேற ஒரு வழி கண்டுபிடிப்பது. மூன்றையும் செய்யலாம், ஒன்றோடு நிறுத்தலாம், எதையும் செய்யாமல் குகைகளில் சுற்றிக்கொண்டே இருக்கலாம். நான் மூன்றாவது ரகம்.

ஆனால் 2003-இல் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. அது ஷேர்வேர். முதல் பகுதி இலவசம், தாராளமான பகுதி. ஒரு எல்லையைத் தாண்டினால், பணம் கட்டிப் பதிவு செய்யுங்கள் என்று நின்றுவிடும். விளையாட்டு ஓர் எண்ணைக் காட்டும். அதையும் பணத்தையும் அனுப்பினால் பதிலுக்கு ஒரு சாவி எண் வரும், அதைத் தட்டினால் மிச்ச உலகம் திறக்கும். விலை டாலரில். வீட்டில் யாரிடமும் கிரெடிட் கார்டு கிடையாது. அப்பாவிடம் போய், "சியாட்டில்ல ஒருத்தருக்குப் பணம் அனுப்பணும்ப்பா, பாதாளத்துல கதவு திறக்கணும்" என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

திருட்டுச் சாவி தேடினேன். மறைக்க ஒன்றுமில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஏதோ ஒரு ரஷ்ய எழுத்துப் பக்கத்திலிருந்து ஒரு ஃபைலை ஃப்ளாப்பியில் இறக்கி வந்து வீட்டில் திறந்தேன். சாவி வரவில்லை, வைரஸ் வந்தது. விண்டோஸை மறுபடி போட நண்பனுக்கு இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட் செலவு. அந்தப் பதிவுத் தொகையைவிடக் குறைவுதான், ஆனால் வலித்தது.

அதனால் டெமோவையே திரும்பத் திரும்ப ஆடினேன். குறைந்தது ஐந்து முறை. ஆட்களை மாற்றி மாற்றி ஆடினேன். பூனை இனத்து நெஃபில்களுக்கு வில் நன்றாக வரும், பல்லி இனத்து ஸ்லித்களுக்கு ஈட்டி. ஒரு தடவை நான்கு பேரையும் மந்திரக்காரர்களாக்கினேன், எலி கடித்தே செத்தார்கள். கோடு போட்ட நோட்டில் வரைபடம் வரைந்தேன். யார் எந்த ஊரில் என்ன கேட்டார்கள், எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று குறித்தேன். அந்த நோட்டின் முதல் பாதி காஸ்ட் அக்கவுன்டிங். அம்மா அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். முதல் பாதிக்காக இதுவரை வருத்தப்பட்டதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், அவசரமாகத்தான். கம்ப்யூட்டரில் இந்த வகை விளையாட்டு புதிதல்ல. 1974-இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை சொல்லும் ஆட்டம் அச்சாகி வந்தது. 1981-இல் வந்த 'விசர்ட்ரி', 'அல்டிமா' இரண்டும் அதைக் கம்ப்யூட்டரில் பிரபலமாக்கின. மேசை ஆட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஆட முடியும், கம்ப்யூட்டரிலும் அப்படியே வந்தது. இதற்குத்தான் டர்ன் பேஸ்டு என்று பெயர். பிறகு 90-களின் பாதியில் காற்று திசை மாறியது. 'டயாப்லோ' கூட ஆரம்பத்தில் டர்ன் பேஸ்டாகத்தான் திட்டமிடப்பட்டது. நடுவில் அதை ஓடிக்கொண்டே வெட்டுகிற ஆட்டமாக மாற்றினார்கள், உலகமே க்ளிக் க்ளிக் என்று ஆகிவிட்டது. 1998-இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' நின்று யோசிக்க ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் நிற்கும், இல்லையென்றால் ஓடும். 1997-இன் 'ஃபால்அவுட்' மாதிரி விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பெரிய கடைகள் மெல்ல மெல்ல, நின்று ஆடுவது பழங்காலம் என்று முடிவு கட்டிவிட்டன.

கட்டிய முடிவு சியாட்டிலில் அந்தச் சிறிய கடைக்குப் போய்ச் சேரவில்லை. வோகல் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தார். எக்ஸைல் மூன்று பாகம். 2000 வாக்கில் அதே எக்ஸைலை மறுபடி செய்து அவெர்னம் என்று பெயர் வைத்தார். நான் டெமோ ஆடியது அது. எக்ஸைலில் ஆறு பேர், அவெர்னத்தில் நான்கு பேர். 2011-இல் அதையே மூன்றாவது முறையாகப் புதுப்பித்து 'அவெர்னம்: எஸ்கேப் ஃப்ரம் தி பிட்' என்று வெளியிட்டார். ஒரே கதையை மூன்று தடவை விற்றிருக்கிறார் மனிதர். கேலியாகச் சொல்லவில்லை. பழைய விளையாட்டு புதிய கம்ப்யூட்டரில் ஓடாது, அதனால் பத்து வருடத்துக்கு ஒரு முறை கூரை வேய்ந்தாக வேண்டும். வேய்கிறார், கூலியும் வாங்குகிறார்.

2018-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அவர் ஒரு மணி நேரம் பேசியதை யூட்யூபில் பார்க்கலாம். 'தோற்கத் தவறுவது' என்று பொருள்படும் தலைப்பு. சின்னச் செலவில் செய், யாருக்குப் பிடிக்குமோ அந்தச் சிலருக்கு மட்டும் செய், திரும்பத் திரும்பச் செய். பேச்சின் சாரம் என்று நான் எடுத்துக்கொண்டது இது. அடுத்த வருடம், தன் விளையாட்டுகள் எல்லாம் ஏன் பார்க்க இவ்வளவு மட்டமாக இருக்கின்றன என்று அவரே நீளமாக ஒரு பதிவு எழுதினார். நல்ல படத்துக்கு ஆகிற காசு தன்னிடம் இல்லை, இருக்கிற காசை இரண்டு மடங்காக்கிச் செலவழித்தாலும் திட்டுகிறவர்கள் திட்டத்தான் போகிறார்கள் என்கிற ரீதியில் போகும். படித்துவிட்டு எனக்கு எங்கள் தெரு இட்லிக்காரம்மா ஞாபகம் வந்தது. கடைக்கு பெயிண்ட் அடிக்கக் கூடாதா என்று கேட்டால், "அடிச்சா இட்லி பத்து ரூவா ஆயிடும், பரவாயில்லையா?" என்பார்.

2015 கடைசியில், இணையத்தில் விளையாட்டு விற்கிற ஸ்டீம் என்ற கடை இந்தியாவுக்கு ரூபாயில் விலை போட ஆரம்பித்தது. எனக்கும் அதற்குள் டெபிட் கார்டு, சம்பளம், கல்யாணம் எல்லாம் வந்திருந்தன. அடுத்த வருடம் ஒரு தள்ளுபடியில் அந்த மூன்றாவது அவெர்னத்தை வாங்கினேன். குடும்பத்தோடு ஓட்டலில் டிபன் சாப்பிடுகிற காசு கூட ஆகவில்லை. முதல் ராத்திரியே உட்கார்ந்து டெமோவின் எல்லைக் கோட்டைத் தேடிப் போனேன். அது எந்தப் பாலம், எந்தத் திருப்பம் என்று எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். பதின்மூன்று வருடத்தில் மறந்திருந்தது. புதிய பதிப்பில் வரைபடமும் கொஞ்சம் மாறியிருக்கலாம். நடந்துகொண்டே போனேன், ஒரு ஊர் வந்தது, அந்த ஊரை எனக்குத் தெரியாது. அப்போதுதான் கோட்டைத் தாண்டிவிட்டேன் என்று உறைத்தது. எங்கே தாண்டினேன் என்று தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

சண்டை தொடங்கியதும் தரை கட்டங்களாகப் பிரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்குச் சில செயல் புள்ளிகள். ஒரு கட்டம் நகர்ந்தால் கொஞ்சம் குறையும், ஒரு வெட்டு வெட்டினால் நிறையக் குறையும். உங்கள் நான்கு பேரும் ஆடி முடித்த பிறகு எதிரிகள். ஆக ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்றுதான்: கையில் இருக்கிற இந்தச் சொற்பப் புள்ளியை எதில் போடுவது? மாதச் சம்பளக்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை.

என் நான்கு பேர்: முன்னால் கேடயத்தோடு ராக்காயி. அவளுக்குப் பக்கத்தில் ஈட்டிக்காரன் சின்னான், பல்லி இனம். பின்னால் நெருப்பு வீசுகிற வாத்தியார். கடைசியில் காயத்தைக் குணப்படுத்துகிற பாட்டி. மகள் பிறப்பதற்கு முன் எல்லோருக்கும் வாயில் நுழையாத பேர் வைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பேர்கள் வைத்த பிறகுதான் யார் செத்தாலும் மனசு கேட்பதில்லை, பழைய சேவ் ஃபைலுக்கு ஓடிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமைச் சண்டையில் நான் செய்த தப்பு இது. வாசல் ஒரே கட்டம் அகலம். ராக்காயியை வாசலில் அடைத்து நிறுத்தினால் ஒருவன்தான் அவளோடு மோத முடியும் என்று கணக்குப் போட்டேன். வாள் வைத்திருப்பவனுக்கு அந்தக் கணக்கு சரி. வில் வைத்திருப்பவன் பின்னால் நின்றே அடிப்பான், அவனுக்கு வாசல் ஒரு பொருட்டே இல்லை. போதாததற்கு அவர்களிடமும் ஒரு வைத்தியக்காரன். சின்னானுக்கு நிற்க இடம் இல்லாமல் ராக்காயியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார் மயக்க மந்திரம் போட்டு இரண்டு பேரைத் தூங்கவைத்தார். மயக்கத்தில் ஒரு சூட்சுமம் உண்டு, அடித்தால் தெளிந்துவிடும். தெளியாமல் இருக்க வேண்டுமென்றால் அவனை விட்டுவிட்டு வேறு ஒருவனை அடிக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அவசரத்தில் தூங்குகிறவன் மேலேயே நெருப்பை வீசினேன். எழுந்துவிட்டான். எழுந்தவன் கோபத்தோடு எழுந்தான் என்று எனக்குத் தோன்றியது. கம்ப்யூட்டருக்குக் கோபமெல்லாம் கிடையாது.

ஓடுகிற ஆட்டத்தில் தோற்றால் விரல் மெதுவாக இருந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் அந்தச் சாக்கு கிடையாது. யோசிக்க மூன்று நாள் இருந்தது, தாராளமாக. தோற்றால் புத்தி மட்டம் என்றுதான் அர்த்தம். அதே காரணத்தால் ஜெயித்தால் வருகிற சந்தோஷமும் வேறு மாதிரி, ட்ரையல் பேலன்ஸ் ஒரே தடவையில் ஒத்துப்போகிற சந்தோஷம். எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்கு அது புரியாது, விட்டுவிடுகிறேன்.

இந்தக் கடையின் விளையாட்டுகளிலேயே என்னை அதிகம் சங்கடப்படுத்தியது அவெர்னம் அல்ல, 'ஜீன்ஃபோர்ஜ்'. முதலில் 2001-இல் வந்தது, 2021-இல் 'மியூட்டஜன்' என்ற பெயரோடு புதுப்பிக்கப்பட்டது. அங்கே ஷேப்பர்கள் என்று ஒரு கூட்டம். உயிர்களைச் சும்மா கையால் படைப்பார்கள். நெருப்பு துப்புகிற பல்லி வேண்டுமா, பாரம் தூக்க ஆள் வேண்டுமா, செய்துகொள்வார்கள். வேலை செய்வதற்கென்றே செய்யப்பட்ட கூன் விழுந்த ஜீவன்களுக்கு சர்வைல்கள் என்று பெயர். நீங்கள் ஒரு ஷேப்பர் பயிற்சியாளர். கப்பல் தாக்கப்பட்டு, யாரும் காலடி வைக்கக் கூடாது என்று தடைபோட்ட ஒரு தீவில் ஒதுங்குகிறீர்கள். ஷேப்பர்கள் அந்தத் தீவை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது, ஆனால் அவர்கள் விட்டுவிட்டுப் போன சர்வைல்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். எஜமானர்கள் இல்லாத காலத்தில் அவர்களுக்குள் மூன்று கட்சி. ஒன்று, எஜமானர் திரும்பி வருவார், கும்பிட்டுக் காத்திருப்போம் என்கிறது. இன்னொன்று, நாமும் சரிசமம், பேசித் தீர்ப்போம் என்கிறது. மூன்றாவதுக்குப் பேச்சே கிடையாது, ஷேப்பர் என்றால் வெட்டு.

முதல் ஊருக்குள் நுழைந்ததும் ஒரு வயதான சர்வைல் என் முன்னால் குனிந்து நின்றான். நான் ஒன்றும் செய்யவில்லை, என் ஜாதி அப்படி. திரையில் எனக்கு மூன்று நான்கு பதில்கள். அதட்டலாம், தட்டிக்கொடுக்கலாம், நிமிர்ந்து நில் என்று சொல்லலாம். எதைத் தட்டுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இதற்கும் கவுன்ட்டவுன் கிடையாது, அதுவும் நிற்கும். எங்கள் தாத்தா வீட்டு வாசலில் அப்படிக் குனிந்து நின்றவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர்கள் நின்ற தூரம் கூட ஞாபகம் இருக்கிறது. சியாட்டில்காரர் அதையெல்லாம் நினைத்து எழுதியிருக்க மாட்டார்.

அந்தத் தீவில் அங்கங்கே குப்பிகள் கிடக்கும். ஒன்றைத் திறந்து பயன்படுத்தினால் உங்கள் உடம்பே மாறி, புதிய சக்தி வரும். இலவசம், உழைக்க வேண்டாம். ஆனால் அதிகம் எடுத்தால் ஆள் மாறிவிடுவான், திமிர் ஏறும், முடிவும் அதற்கேற்பப் போகும். நான் முதல் ஆட்டத்தில் ஒன்று விடாமல் எடுத்தேன். இரண்டாவது ஆட்டத்தில் ஒன்று கூட எடுப்பதில்லை என்று சபதம் போட்டேன். ஒன்பது எடுத்தேன்.

குறை இல்லாமல் இல்லை. கடைசி மூன்றில் ஒரு பங்கு எல்லா அவெர்னத்திலும் இழுவை. அதே பேய், அதே மாதிரி அறை, முன்னைவிட மூன்று மடங்கு உயிர். ஒருவன் பின் ஒருவனாக ஆடுகிற சண்டையில் எதிரி இருபது பேர் என்றால் அவர்கள் ஆடி முடிக்கும்வரை டீ போட்டுவிட்டு வரலாம், நான் வந்திருக்கிறேன். பொருள் சேகரிக்கிற வியாதி வேறு. ஒவ்வொரு பானையையும் திறந்து பார்த்து, யாருக்கும் வேண்டாத கத்திகளைச் சுமந்து விற்று, அதில் கிடைத்த காசில் ஒன்றும் வாங்காமல் ஆட்டத்தை முடிப்பேன். இசை என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. நான் இளையராஜாவைப் போட்டுக்கொள்கிறேன், குகைக்கு நன்றாகவே பொருந்துகிறார். 2011-இல் தொடங்கிய 'அவடான்' வரிசை எனக்கு ஒட்டவில்லை. அதில் கதை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது, சுற்ற விடுவதில்லை. அதற்கு ரசிகர்கள் உண்டு, சண்டைக்கு வர வேண்டாம்.

'குவீன்ஸ் விஷ்' 2019-இல் வந்தது, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டிச் செய்தது. ராணியின் மூன்றாவது பிள்ளை நீங்கள், உருப்படாதவர் என்று பேர் எடுத்தவர், கைவிட்டுப்போன ஒரு நாட்டை மீட்க அனுப்பப்படுகிறீர்கள். படங்களைப் பார்த்து ரொம்பப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதன் ஒரு விதி பிடித்திருந்தது. ஒரு குகைக்குள் போனால் செலவான சக்தி கோட்டைக்குத் திரும்பும்வரை வராது. பாதியில் திரும்பினால் குகை பழையபடி ஆகிவிடும். ஆக மந்திரம் ஒவ்வொன்றையும் மாதக் கடைசிப் பணம் மாதிரி எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டும்.

இந்த ஒரு கடைதான் என்று நினைத்துவிடாதீர்கள். 2015-இல் மட்டும் இரண்டு வந்தன. செர்பியாவிலிருந்து 'அண்டர்ரெயில்': சுரங்க ரயில் நிலையங்களுக்குள்ளேயே வாழும் மனிதர்கள். அதில் ஒரு நல்ல யோசனை உண்டு. விரும்பினால் ஒரு முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்: எதிரியைக் கொன்றால், நம் ஆளை வலுவாக்குகிற அனுபவப் புள்ளி கிடையாது, விசித்திரமான பொருட்களைத் தேடிக் கண்டுபிடித்தால் கிடைக்கும். அதனால் சண்டையைத் தவிர்த்து ஒதுங்கிப் போவது கோழைத்தனம் ஆகாது. இன்னொன்று 'ஏஜ் ஆஃப் டெகடன்ஸ்'. ரோம் மாதிரி ஓர் இடிந்த சாம்ராஜ்யம். வாய்ச் சாமர்த்தியம் உள்ள வியாபாரியாகப் பிறந்தால் கத்தியைத் தொடாமலே முடிக்கலாம். கத்தியைத் தொட்டால் முதல் சந்திலேயே சாவீர்கள், நான் ஏழு தடவை செத்தேன். 2024-இல் நார்வேயிலிருந்து 'ஸ்கால்ட்' வந்தது, 80-களின் கம்ப்யூட்டர் திரை மாதிரியே பெரிய பெரிய புள்ளிகளால் வரைந்தது. அதற்கு முந்தின வருடம் பெரிய செலவில் வந்த 'பால்டர்ஸ் கேட் 3'-இல் சண்டை முழுக்க டர்ன் பேஸ்டு, உலகம் முழுக்க ஓடியது. பழங்காலம் என்று முடிவு கட்டியவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு நேரம் இல்லை, வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள்.

லால்குடியில் பாட்டி வீட்டுத் திண்ணையில் தாயக்கட்டம் சாக்பீஸால் அல்ல, சிமெண்ட் ஈரமாக இருந்தபோதே கீறி வைத்தது. பாட்டிக்கு ஆட்டத்தில் அபாரமான வெறி, ஆனால் தொடர்ந்து பத்து நிமிடம் உட்கார முடியாது. அடுப்பில் பால், கொல்லையில் மாடு, வாசலில் கீரைக்காரி. காய் பழமாக ஒரு தாயம் மட்டும் பாக்கி இருக்கும், எழுந்து போய்விடுவாள். நாங்கள் காயைத் தொடக் கூடாது. ஒரு தடவை மத்தியானம் போனவள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத்தான் வந்தாள். உட்கார்ந்து புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "யார் ஆட்டம்? என் ஆட்டம்தானே?" கட்டையை உருட்டினாள். தாயம் விழவில்லை. அசிங்கமாகத் திட்டினாள்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் பகலெல்லாம் தூங்கியதால் ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒன்பது வயது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"இது ஏம்ப்பா அசையவே மாட்டேங்குது? ஹேங் ஆயிடுச்சா?"

"இல்லடா. நான்தான் அடுத்து ஆடணும்."

"அப்ப ஆடுங்க."

"என்ன பண்றதுன்னு தெரியல. முன்னாடி நிக்கிறாளே, அவ செத்துருவா போலிருக்கு. அங்க பாரு, மூணு பேரு வில்லு வெச்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏழு பேரையும் விரலால் எண்ணினாள். பிறகு, வாசலுக்கு இந்தப் பக்கம் சுவர் வளைகிற மூலையைத் தொட்டுக் காட்டினாள். திரையில் விரல் ரேகை பதிந்தது.

"இங்க பின்னாடி ஒளிஞ்சுக்கலாம்ல? அவங்களே வரட்டும்."

மூன்று நாளாக எனக்குத் தோன்றாதது. மூலைக்குப் பின்னால் போனால் வில்காரனுக்கு ஆள் தெரியாது. தெரியாதவன் தேடி வருவான். திரும்புகிற இடத்தில் சின்னான் ஈட்டியோடு நிற்பான். வாசலை விடக் கூடாது என்று நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், வாசலால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ராக்காயியை மெதுவாக, கட்டம் கட்டமாகப் பின்னால் இழுத்தேன். விலகும்போது ஒரு வெட்டு வாங்கினாள், சாகவில்லை. சின்னானை மூலையில் நிறுத்தினேன். வாத்தியாரை அவனுக்குப் பின்னால். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். உள்ளே இருந்து மனைவி, "என்னங்க, அவ தூங்கலையா இன்னும்?" என்றாள். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

"இப்ப யாருப்பா?"

"பாட்டி."